பல்கலைக்கழகம்

பல் + கலை + கழகம். 'பல' என்பதன் தொகைவடிவம் 'பல்'. 'கலை' இங்கே ஆடல், ஓவியம் மட்டுமன்று. கற்கத்தக்க துறை எல்லாமும்தான். இயற்பியலும் மருத்துவமும் அதற்குள் அடக்கம்.

சுவையான வரலாறு உடையது 'கழகம்'. திருக்குறளின் சூது அதிகாரத்தில் அது சூதாடும் இடம். கம்பரிடமோ கலை பயிலும் இடம். இரண்டுக்கும் பொதுவாக நிற்பது, பலர் ஒன்றுகூடுதல்.

முன்பு வழங்கிய சொல் 'சர்வகலாசாலை'. மலையாளத்தில் இன்றும் அதுவே வழக்கு. தமிழ் 'சர்வ'த்தைப் 'பல்' ஆக்கியது. 'சாலை'யைக் 'கழகம்' ஆக்கியது. சாலை என்றால் கட்டடம். கழகம் என்றால் மனிதர்கள். ஐரோப்பியச் சொல்லின் வேரும் இதையே சொல்கிறது. 'யுனிவர்சிட்டாஸ்' என்ற இலத்தீன் சொல், இடைக்காலத்தில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்த கூட்டமைப்பைக் குறித்தது. அந்த வகையில் 'கழகம்' மூலத்துக்கு மிக நெருக்கம்.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது, தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே அதன் முதன்மைப் பணி. ஆனால் அதற்கு முன்பே, கற்பித்தலோடு ஆய்வும் இணைய வேண்டும் என்ற கொள்கையை முன்னிறுத்தியது 1810இல் தொடங்கிய பெர்லின் பல்கலைக்கழகம். இன்று அறிவியல் வளர்வதற்குச் சமுதாயம் நம்பியிருப்பது இந்த இணைப்பைத்தான். ஒருவர் முடிவை இன்னொருவர் சோதித்து, மறுத்து, திருத்தும்போதுதான் அறிவியல் நகர்கிறது. அதற்குக் கட்டடம் போதாது, கழகம் வேண்டும்.