உருகி: ஒரு மெல்லிய கம்பியின் வரலாறு

வீட்டில் இசை கேட்கும் கருவிகளை மேம்படுத்த விரும்புவோரில் சிலர் இன்று ஒலிபெருக்கிகளுக்கும் வடங்களுக்கும் மட்டுமன்றி, 'பியூஸ்' என நாம் அழைக்கும் உருகிக்கும் பெரும் பணம் செலவிடுகின்றனர். வெள்ளிக் கம்பியும் பொன்முலாமிட்ட முனைகளும் கொண்ட உருகிகள், சாதாரண உருகியை விட நூறு மடங்குக்கும் மேலான விலைக்கு விற்கப்படுகின்றன. ஒலி துலக்கமடையும் என்பது விற்பவர்களின் வாக்குறுதி. அதை எடைபோடுமுன், உருகி எதற்காகப் பிறந்தது என்பதை நாம் அறிய வேண்டும்.

1847ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டவரான லூயி பிரெகே, தந்தி நிலையங்களை மின்னலிலிருந்து காப்பதற்கு, வழியில் மெல்லிய கம்பித் துண்டொன்றைப் பொருத்துமாறு ஆலோசனை கூறினார். கம்பி உருகி அழியும், கருவி தப்பும். மின்விளக்குகள் பரவிய பின்னர், 1887இல் கொக்பேர்ண் என்பவர் உருகிகளின் இயல்பை முறையாக ஆராய்ந்து கட்டுரை படைத்தார். 1890இல் தோமஸ் அல்வா எடிசன் உருகிக்குக் காப்புரிமை பெற்றார்.

உருகியின் வரலாற்றோடு அதை ஏமாற்றியவர்களின் வரலாறும் பிணைந்துள்ளது. அமெரிக்காவில் எரிந்த உருகியின் பின்னால் செப்பு நாணயத்தைச் செருகினார்கள். எங்கள் ஊர்களில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றினோம்; அல்லது வயரின் செப்பு இழையொன்றை முறுக்கிவிட்டோம். பிரித்தானிய அஞ்சல் துறைப் பொறியியலாளர் வில்லியம் பிறீஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே வகுத்த சூத்திரத்தின்படி, அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள செப்புக் கம்பி உருகுவதற்கு ஏறத்தாழ 28 அம்பியர் வேண்டும். 2 அம்பியர் உருகி இருந்த இடத்தில் அதை வைத்தால், கம்பிக்கு முன்னரே மின்மாற்றி எரிந்துவிடும்.

பிரித்தானியாவில் 1947ஆம் ஆண்டுத் தரநிர்ணயம், 13 அம்பியர் செருகியின் உள்ளேயே உருகியை வைத்தது. 30 அம்பியர் வளையச் சுற்றிலிருந்து மின் பெறும் சிறு கருவியின் மெல்லிய வயரைக் காப்பதே அதன் நோக்கம். இலங்கையில் நெடுங்காலம் வழங்கிய 5, 15 அம்பியர் வட்டமுனைச் செருகிகளிலோ உருகி இல்லை. வானொலிப் பெட்டியின் உள்ளிருந்த உருகியும் வீட்டுப் பலகையில் இருந்த பீங்கான் உருகியுமே காவலர்கள். அந்தக் காவலர்களைத்தான் நாம் வெள்ளித்தாளால் கட்டிப்போட்டோம்.

இனி விலையுயர்ந்த உருகிகளுக்கு வருவோம். சிலவற்றில் மின் செல்லவேண்டிய திசையைக் காட்ட அம்புக்குறி உண்டு. நமது வீட்டு மின்சாரமோ விநாடிக்கு நூறு முறை திசை மாறுவது. சுவருக்குள் பல மீற்றர் நீளச் செப்புக் கம்பியைக் கடந்து வரும் மின்சாரத்தை இரண்டு சென்ரிமீற்றர் வெள்ளி திருத்திவிடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய உருகியின் களிம்பேறிய முனைகளுக்குப் பதிலாகப் புதியது வரும்போது தொடர்பு சீராகலாம். மலிவான புதிய உருகியும் அதைச் செய்யும்.

உண்மையான வேறுபாடுகள் உருகியின் மேற்பூணில் பொறிக்கப்பட்டுள்ளன. 'ரி' என்ற எழுத்து மெதுவாக உருகுவதையும், 'எவ்' விரைவாக உருகுவதையும் குறிக்கும். பெரிய மின்மாற்றி உள்ள அம்பிளிபயர், இயக்கும் கணத்தில் மிகுந்த மின்னை இழுக்கும். அங்கே விரைவு உருகியைப் போட்டால் வீணாக எரியும். சலிப்படைந்தவர் கூடிய அம்பியரைப் போடுவார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. அவ்வாறே, மணல் நிரப்பிய பீங்கான் உருகி 1500 அம்பியர் குறுக்குச் சுற்றையும் துண்டிக்கவல்லது. சாதாரண கண்ணாடி உருகியின் எல்லை 35 அம்பியர், அல்லது அதன் அளவின் பத்து மடங்கு. பீங்கான் இருந்த இடத்தில் கண்ணாடியை வைப்பது கேடு.

இல்லாமையால் வெள்ளித்தாள் சுற்றியவரை மன்னிக்கலாம். வசதி இருந்தும், தரச்சான்று முத்திரை இல்லாத உருகியை அழகுக்காக வாங்குபவர் அதே பிழையைப் பணம் கொடுத்துச் செய்கிறார். கருவியின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் எழுத்தையும் எண்ணையும் பார்த்து, அதே வகையை வாங்குங்கள். மிஞ்சும் பணத்தில் நல்ல இசைத்தட்டுகள் வாங்கலாம்.