அக்கா பார்த்த கிரகணம்



சென்ற சந்திர கிரகணத்தன்று பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். "ஐயா, மகள் ஆறு மாசம். கிரகணம் முடியிற வரைக்கும் படுக்கக் கூடாது, வெளியே வரக் கூடாதுன்னு மாமியார் வீட்டில சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலை உங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். இதில் என் அக்காவின் கதையும் வருகிறது. அவளிடமும் அவள் மகனிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. கார்வாரிலிருந்து ராய்ச்சூர் வழியாகப் பூரி வரை முழுச் சூரிய கிரகணம். திண்டிவனம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்குப் பகுதி கிரகணம்தான். ஆனாலும் பிற்பகலில் தெருவில் ஒரு ஆள் இல்லை. கதவு சன்னலைச் சாத்தி, தண்ணீர்க் குடத்தில் தர்ப்பையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அக்காவுக்கு வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஏழு மாதம். கொல்லையில் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு கத்தியது. அவள்தான் எழுந்து போய்ப் பிடித்துக் கட்டினாள். இரண்டு நிமிடம் இருக்கும்.

ஏப்ரல் கடைசியில் பிள்ளை பிறந்தது. மேலுதடு பிளந்திருந்தது.

"கிரகணத்துல வெளியே போனாளே" என்ற பேச்சு அன்று தொடங்கியது. புகுந்த வீட்டில் சொன்னார்கள். எங்கள் அம்மாவும் சொன்னார். கல்யாணம், காதுகுத்து எதற்கும் அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகமாட்டாள். போனாலும் முந்தானையால் அவன் முகத்தை மூடியிருப்பாள். பன்னிரண்டு வயதில் அவனுக்கு அறுவை சிகிச்சை நடந்து உதடு சேர்ந்தது. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

அப்போது நான் ஆசிரியர் பயிற்சி இரண்டாம் ஆண்டு. சூரியன், சந்திரன், பூமி மூன்றையும் ஒரே கோட்டில் வரைந்து மாதிரி வகுப்பு எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கியவன். வீட்டில் வாயைத் திறக்கவில்லை. பெரியவர்கள் பேசும்போது எதற்கு என்று இருந்துவிட்டேன்.

பல வருடம் கழித்துத்தான் ஒரு மருத்துவ நூலில் படித்தேன். குழந்தையின் மேலுதடு கருவில் இரண்டாம் மாதத்துக்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது. சேராமல் போனால் பிளவு. பரம்பரை, சத்துக்குறைவு, சில மருந்துகள் என்று அதற்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள். அக்கா கன்றைப் பிடிக்கப் போனது ஏழாம் மாதத்தில். அந்தப் பிளவு கிரகணத்துக்கு ஐந்து மாதம் முன்பே இருந்திருக்கிறது. ஒரு கழித்தல் கணக்கு. அதை எங்கள் குடும்பத்தில் யாரும் போடவில்லை.

நம் முன்னோர்களுக்குக் கணக்கு தெரியாதா? நன்றாகத் தெரியும். கிரகணம் நிழலால் வருவது என்று கி.பி. 499 வாக்கிலேயே ஆரியபட்டர் எழுதிவிட்டார். நம் ஊரிலிருந்து பேருந்தில் கொஞ்ச நேரத்தில் போய்விடும் புதுச்சேரியில் நடந்ததைக் கேளுங்கள். ஜான் வாரன் என்பவர் 1825-இல் சென்னையில் 'காலசங்கலிதம்' என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரைச் சந்தித்ததை அதில் எழுதியிருக்கிறார். அந்த மனிதர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்திருக்கிறார். ஓர் எண்ணைக்கூட எழுதவில்லை. தொடங்கும் நேரத்தில் வந்த பிழை சுமார் நான்கு நிமிடம்தான். முடியும் நேரத்தில் பிழை கூடியது, ஆனாலும் அது சாதாரணத் திறமை அல்ல.

வாரன் இன்னொன்றும் சொல்கிறார்: கணக்கு ஏன் அப்படி வருகிறது என்ற கோட்பாடு அந்த மனிதருக்குத் தெரியாதாம். இதைப் படித்தபோது எனக்கு என் நினைவுதான் வந்தது. அவருக்கு எப்போது என்று தெரியும், ஏன் என்று தெரியாது. எனக்கு ஏன் என்று தெரிந்திருந்தது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தேனே, அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

2019 டிசம்பர் 26. கோவை, கரூர், திண்டுக்கல் பக்கம் வளையமாகத் தெரிந்த கிரகணம், எங்கள் ஊரில் பகுதியாகத் தெரிந்தது. அரையாண்டு விடுமுறை. அறிவியல் ஆர்வலர்களிடம் இருபது கண்ணாடி வாங்கி வந்து, பள்ளிக்கூடத்துத் திடலுக்கு வாருங்கள் என்று தெருத்தெருவாகச் சொன்னேன். எட்டரை மணிக்குப் பத்துப் பிள்ளைகள். ஒன்பதரைக்கு நூறு பேருக்கு மேல். தாம்பாளத் தண்ணீரில் உலக்கை நிற்கிறது பாருங்கள் என்றார் ஒரு பெரியவர். "நேத்தே நிறுத்திப் பாத்தேன் அண்ணே, நேத்தும் நின்னுச்சு" என்றேன். அடி தட்டையாக இருந்தால் என்றைக்கும் நிற்கும். அவரே சிரித்துவிட்டார்.

அக்கா வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கண்ணாடி போட்டுக்கொள்ள பயந்தாள். வீட்டிலிருந்து ஜல்லிக்கரண்டியை எடுத்து வரச் சொல்லி, சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்தேன். கரண்டியின் நிழல் தரையில் விழுந்தது. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு குட்டிப் பிறை. புங்கமரத்தடி முழுவதும் அதேபோல் பிறைகள். வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவ்வளவுதானா தம்பி? இதுக்கா முப்பத்தொம்பது வருஷம்?" என்றாள்.

அன்றைக்குத்தான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுடா" என்றுவிட்டுப் பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுக்கப் போய்விட்டாள். கிரகணம் விடுவதற்கு முன்பே எல்லாரும் சாப்பிட்டோம்.

இன்னொரு மன்னிப்பும் பாக்கி இருக்கிறது. 1995 அக்டோபர் 24, தீபாவளிக்கு மறுநாள் காலை, என் வீட்டு மாடிக்கு வந்த மாணவர்களுக்கு எக்ஸ்ரே படம் கொடுத்துச் சூரியனைப் பார்க்கச் சொன்னேன். அது தவறு. எக்ஸ்ரே படம், புகை பிடித்த கண்ணாடி, சாதாரணக் குளிர்க்கண்ணாடி எதுவும் பாதுகாப்பல்ல. விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டாலும் அப்போது உணரமாட்டோம். கிரகணத்தில் உண்மையாகப் பயப்பட வேண்டியது இது ஒன்றுக்குத்தான்.

2027 ஆகஸ்ட் 2 மாலை நம் பக்கம் மீண்டும் ஒரு பகுதி கிரகணம். தரச்சான்று பெற்ற கண்ணாடி வாங்கி வையுங்கள், இல்லையென்றால் ஜல்லிக்கரண்டி போதும். உங்கள் வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் அவளுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். யாராவது ஏதாவது சொன்னால், என்னைப் போல் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்