இன்னொரு ரேம் போட இடமிருக்கா?

பாவித்த லெப்டொப் வாங்கப் போனால், விலையைக் கேட்ட கையோடு நாங்கள் கேட்கிற அடுத்த கேள்வி இதுதான்: "அண்ணா, இன்னொரு ரேம் போட இடமிருக்கா?" பாசிக்குடா, கல்குடா, வாழைச்சேனைப் பக்கமிருந்து வந்தாறுமூலைக்குப் படிக்கப் போய்வருகிற எங்கள் கூட்டத்தில் புது லெப்டொப் வைத்திருப்பவர்கள் குறைவு. எங்கேயோ ஓர் அலுவலகத்தில் நாலைந்து வருடம் உழைத்துக் களைத்தவைதான் எங்கள் கைக்கு வருகின்றன. அவற்றில் கனக்க 4 ஜிபி ரேம்தான் இருக்கும். இன்றைக்கு அது காணாது. ஆனால் அடிமூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு ஸ்லொட் வெறுமையாக இருக்குமென்றால், அந்த லெப்டொப் இன்னும் சில வருடம் ஓடும்.

அந்த வெற்று இடம் தானாக வந்ததல்ல. அதை ஒருவர் கண்டுபிடித்தார். அதற்காகச் சிலர் நீதிமன்றம் ஏறினார்கள். பலர் ஒரு மேசையைச் சுற்றி இருந்து அளவு பேசி ஒத்துக்கொண்டார்கள். இப்போது அது மெல்ல மெல்ல இல்லாமல் போகிறது. கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எது பொதுச்சொத்து, எது தனியார் சொத்து என்ற சண்டையைக் காணிக்கும் குளத்துக்கும்தான் நாங்கள் படித்திருக்கிறோம். விரல் நீளமான ஒரு பலகைத் துண்டுக்காகவும் அதே சண்டை நடந்திருக்கிறது.

மேசையும் அலுமாரியும்

முதலில் ரேம் என்றால் என்ன என்பதை ஒருக்காத் தெளிவாக்கிவிடுவோம். ஹார்ட் டிஸ்க் நூலகத்து அலுமாரி மாதிரி. அங்கே ஆயிரம் புத்தகம் இருக்கலாம். ரேம் என்பது நாங்கள் இருந்து படிக்கிற மேசை. ஒரே நேரத்தில் எத்தனை புத்தகத்தை விரித்து வைக்கலாம் என்பதை மேசைதான் தீர்மானிக்கும். மேசை சின்னதென்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் எழும்பிப்போய் அலுமாரியைத் திறக்கவேண்டும். லெப்டொப் "இழுபடுது" என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் இந்த நடையைத்தான்.

2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு விரிவுரைகள் ஸூமுக்கு மாறியபோது இந்த மேசையின் அளவு எல்லாருக்கும் விளங்கியது. ஒரு பக்கம் ஸூம், ஒரு பக்கம் பிடிஎஃப், இன்னொரு பக்கம் வேர்ட் என்று மூன்றையும் திறந்தால் 4 ஜிபி லெப்டொப் மூச்சுவாங்கும். பிறகு 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாய்க்கு ஏறியது. புது லெப்டொப் என்ற பேச்சே வீடுகளில் நின்றுபோனது. இருப்பதைத் திருத்தி, இருப்பதைக் கூட்டித்தான் படிக்கவேண்டியிருந்தது. அந்த நேரம் கைகொடுத்தது வெற்று ஸ்லொட்.

பாய் இழைத்தது போல

கணினி நினைவகத்தின் கதையை ஆன் வாங் என்பவரிலிருந்து தொடங்கலாம். ஷாங்ஹாயில் பிறந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர். ஹார்வார்டில் வேலை செய்தபோது, சின்னச் சின்னக் காந்த வளையங்களில் தகவலைப் பதிந்து, வாசித்த பிறகு திரும்ப எழுதிவைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். 1949 இல் விண்ணப்பித்த காப்புரிமை 1955 இல் கிடைத்தது. அடுத்த வருடமே அதை ஐபிஎம் நிறுவனத்துக்கு 5 இலட்சம் டொலருக்கு விற்றார். இதே காலத்தில் எம்ஐடியில் ஜே ஃபொரெஸ்டரின் குழு, வளையங்களைக் கம்பிவலையில் கோர்த்து 1953 இல் 'வேர்ல்விண்ட்' கணினியில் பொருத்தியது.

ஒரு வளையம் என்றால் ஒரு பிட். ஒவ்வொன்றுக்குள்ளாலும் மெல்லிய கம்பிகளைக் கையால் கோர்க்கவேண்டும். அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், நுணுக்குக்காட்டிக்குள் கண்ணை வைத்தபடி. பன்புல்லில் பாய் இழைத்த எங்கள் அம்மம்மாக்களுக்கு அந்த வேலையின் பொறுமை விளங்கும். இன்று எங்களுக்குக் காணாமல் இருக்கிற 4 ஜிபியை அந்த முறையில் செய்வதென்றால், ஏறத்தாழ 3,436 கோடி வளையம் கோர்க்கவேண்டும்!

அதை மாற்றியவர் ஐபிஎம்மில் வேலை செய்த ரொபர்ட் டெனார்ட். ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு கொள்ளளவியும் போதும் என்று 1966 இல் யோசித்தார். 1968 இல் காப்புரிமை கிடைத்தது. இன்றைய லெப்டொப் ரேம் எல்லாம் அந்த யோசனையின் பிள்ளைகள்தான். அதில் ஒரு குறை உண்டு: கொள்ளளவி ஓட்டைக் குடம் மாதிரி, மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்கும். ஒரு செக்கனுக்குள் பல தடவை திரும்பத் திரும்ப நிரப்பவேண்டும். மின்சாரம் நின்றால் எல்லாம் போய்விடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, பற்றரி செத்த லெப்டொப்பில் சேமிக்காத ஒப்படை மறைந்துபோனதற்கு இதுதான் காரணம்.

1970 இல் இன்டெல் 1103 என்ற சிப் சந்தைக்கு வந்தது. அதன் கொள்ளளவு 1,024 பிட். காந்த வளையங்களின் காலம் அதோடு முடியத் தொடங்கியது.

துண்டுப் பலகைக்கு யார் சொந்தக்காரர்?

1977 இல் வந்த அப்பிள் II போன்ற கணினிகளில் நினைவகத்தைக் கூட்டுவதென்றால் சிப்களை ஒவ்வொன்றாகக் குழிகளில் குத்தவேண்டும். ஒரு கால் வளைந்தாலும் வேலை கெட்டது. 1983 இல் வாங் லெபோரட்டரீஸ் என்ற கம்பனியில் ஜேம்ஸ் கிளேட்டன் என்பவர் ஒன்பது சிப்களை ஒரு சின்னப் பலகையில் வரிசையாக ஒட்டி, பலகையை மொத்தமாக ஸ்லொட்டில் செருகும் முறையைக் கண்டுபிடித்தார். எட்டுச் சிப் தகவலுக்கு, ஒன்று பிழை பார்க்க. அதற்கு சிம் என்று பெயர். ஃபோனில் போடுகிற சிம் இல்லை, இது வேறு. கம்பனியின் சொந்தக்காரர் யாரென்றால், காந்த வளையத்தில் நாங்கள் பார்த்த அதே ஆன் வாங்.

சிம் உலகமெங்கும் பரவியது. அதன்பிறகு வாங் கம்பனி, "இது எங்கட காப்புரிமை" என்று தொஷிபா, என்இசி நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டது. 1993 இல் மேன்முறையீட்டிலும் வென்றது. ஆனால் மிட்சுபிஷி மீதான வழக்கில் 1997 இல் தோற்றது. நீதிமன்றம் சொன்ன நியாயத்தை எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: இதைச் செய்யச் சொல்லி அவர்களைத் தூண்டியது நீங்கள், செய்த பிறகு அவர்களிடம் வாங்கியதும் நீங்கள், பிறகெப்படி அனுமதி கொடுக்கவில்லை என்று சொல்லேலும்? ஒரு அளவு எல்லாருடைய அளவாக மாறுவதற்கு இப்படியான சண்டைகளும் தேவைப்பட்டன.

லெப்டொப்பில் இன்னும் மோசம். ஆரம்பகால லெப்டொப்களில் ஒவ்வொரு கம்பனியும் தனக்கென்று ஒரு நினைவக அட்டை வைத்திருந்தது. ஒன்றின் அட்டை மற்றதுக்குப் பொருந்தாது, விலையும் அவர்கள் சொன்னதுதான். 1958 இல் அமெரிக்காவில் உருவான ஜெடெக் என்ற தரநிர்ணய அமைப்பு இதற்கு ஒரு முடிவு கொண்டுவந்தது. போட்டிக் கம்பனிகள் ஒன்றாக இருந்து அளவுகளை ஒத்துக்கொள்ளும் இடம் அது. அங்கே பிறந்ததுதான் லெப்டொப்புக்கான சோடிம். இன்றைய புதிய துண்டுகளின் அகலம் 69.6 மில்லிமீற்றர். கொழும்பில் வாங்கினாலும் சென்னையில் வாங்கினாலும் அதே அளவு.

வெட்டு எங்கே இருக்கிறது?

எல்லா சோடிமும் எல்லாத்துக்கும் பொருந்தாது. கடையில் பிழைப்பது இங்கேதான். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஊசிகளின் எண்ணிக்கையும் மின்னழுத்தமும் வேறு. டிடிஆர்2 க்கு 200 ஊசி, 1.8 வோல்ட். டிடிஆர்3 க்கு 204, 1.5 வோல்ட். டிடிஆர்4 க்கு 260, 1.2 வோல்ட். டிடிஆர்5 க்கு 262, 1.1 வோல்ட். மாறிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் தங்கநிற ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும். தலைமுறைக்குத் தலைமுறை அந்த வெட்டின் இடத்தை மாற்றினார்கள். செருகும்போது போகவில்லை என்றால் அமத்தாதீங்க. அது பிழையான துண்டு.

வெட்டு காட்டிக்கொடுக்காத ஒரு பொறி உண்டு: டிடிஆர்3எல். டிடிஆர்3 இன் அதே உருவம், அதே 204 ஊசி, அதே வெட்டு. ஆனால் 1.35 வோல்ட்டில் ஓடும். 2013 க்குப் பிறகு வந்த லெப்டொப்கள் பல இந்தக் குறைந்த மின்னழுத்தத்துக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றில் சாதாரண டிடிஆர்3 ஐப் போட்டால் வடிவாக உட்காரும், ஆனால் திரை வராது. துண்டின் லேபலில் 'பிசி3எல்' என்று இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அந்த 'எல்' முக்கியம்.

வாங்கமுதல் பார்க்கவேண்டியவை வேறும் உண்டு. விண்டோஸ் டாஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தட்டினால் வேகமும், எத்தனை ஸ்லொட் பாவனையில் என்பதும் தெரியும். அங்கே வடிவம் 'ரோ ஒஃப் சிப்ஸ்' என்று இருந்தால், ரேம் மதர்போட்டோடு ஒட்டப்பட்டிருக்கிறது. அந்த மொடலின் கையேட்டில் ஆகக்கூடிய அளவு எவ்வளவு என்று பாருங்க. வேகம் வேறான இரண்டு துண்டு போட்டால் இரண்டும் குறைந்த வேகத்தில்தான் ஓடும். ஒரே அளவான இரண்டு போட்டால் இரட்டை வழியில் ஓடி வேகம் கூடும். பழைய 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பிரயோசனமில்லை. முதலில் அதை மாற்றவேண்டும்.

பூட்டுவது கஷ்டமான வேலை இல்லை. லெப்டொப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பற்றரியையும் விடுவித்துவிட வேண்டும். உடம்பில் உள்ள நிலைமின் போக ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டு, துண்டை ஓரத்தில் மட்டும் பிடிக்கவேண்டும். சரிவாகச் செருகி, பிறகு கீழே அமத்தினால் இரண்டு பக்கக் கொக்கியும் 'டிக்' என்று பிடிக்கும். எங்கள் பக்கத்துக்கென்று ஒரு விசயம்: கடற்காற்றும் ஈரமும் ஸ்லொட்டின் தொடுமுனைகளைக் கெடுக்கும். திடீரென்று திரை வராமல் போன லெப்டொப் சிலவேளை, துண்டைக் கழற்றி ஓரத்தை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, தூசு தட்டித் திரும்பப் போட்டாலே எழும்பிவிடும். மதர்போட் போச்சு என்று முடிவெடுக்கமுதல் இதைச் செய்துபாருங்க.

மூடப்படும் கதவு

2008 இல் வந்த மக்புக் எயாரில் ரேம் மதர்போட்டோடேயே ஒட்டப்பட்டிருந்தது. 2012 இல் ரெட்டினா மக்புக் ப்ரோவும் அதே வழிக்குப் போனது. பிறகு மெல்லிய லெப்டொப் செய்கிற எல்லாரும் பின்னால் போனார்கள். இதற்குத் தொழில்நுட்பக் காரணம் இல்லாமல் இல்லை. குறைந்த மின்சாரத்தில் ஓடும் எல்பிடிடிஆர் சிப்கள் செயலிக்குக் கிட்ட ஒட்டப்பட்டால்தான் அந்த வேகம் வரும். பற்றரியும் கூட நேரம் நிற்கும். திருத்தக்கூடிய லெப்டொப் என்பதையே கொள்கையாக வைத்திருக்கிற ஃபிரேம்வேர்க் கம்பனிகூட 2025 இல் அறிவித்த மேசைக்கணினியில் ரேமை ஒட்டித்தான் கொடுத்தது.

ஆனால் விளைவு யாருக்கு? புதிதாக வாங்குகிறவருக்கு அது ஒரு தெரிவு: 8 ஜிபியா 16 ஜிபியா என்று அன்றைக்கே தீர்மானிக்கலாம். நாலு வருடம் கழித்து அதை வாங்குகிற எங்களுக்குத் தெரிவே இல்லை. முதல் ஆள் காசு மிச்சம் பிடிக்க 4 ஜிபியோடு நிறுத்தியிருந்தால், அந்தத் தீர்மானம் எங்கள் தலையிலும் விழும். ஸ்லொட் என்பது பிந்தி வருபவர்களுக்காகத் திறந்து வைக்கப்பட்ட கதவு.

கதவு முழுதாக மூடப்படவும் இல்லை. டெல் 2022 இல் காம் என்ற புதிய வகைத் துண்டைக் கொண்டுவந்தது: தட்டையானது, திருகாணியால் பூட்டுவது. முதலில் அது டெல்லுடைய சொந்த வடிவம். பிறகு ஜெடெக்குக்குப் போய், 2023 டிசம்பரில் காம்2 என்று பொதுத்தரமாக வெளிவந்தது. 2024 இல் எல்பிடிடிஆரையே கழற்றிப்பூட்டக்கூடிய வடிவில் லெனோவோவின் ஒரு திங்க்பேட்டில் கண்டோம். வாங் கம்பனியின் துண்டு போன அதே பாதை. இவை பாவித்த சாமானாக எங்கள் கைக்கு வர இன்னும் சில வருடம் ஆகும்.

அதுவரைக்கும் நிலைமை இறுக்கம்தான். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ரேம் விலை உலகமெங்கும் ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரோன் நிறுவனம், குருஷியல் என்ற பெயரில் எங்களைப் போன்றவர்களுக்குச் சில்லறையாக விற்றுவந்த வியாபாரத்தை நிறுத்தப்போவதாக அறிவித்தது.

ஆகவே இரண்டு வேண்டுகோள். பாவித்த லெப்டொப் வாங்குகிறவர்கள், நிறத்தையும் மெல்லிசையும் பார்க்கமுதல் ஸ்லொட்டைக் கேளுங்க. ஒட்டின ரேம் என்றால் 8 ஜிபிக்குக் குறைந்ததை எடுக்காதீங்க. ரேமைக் கூட்டியவர்கள், கழற்றின பழைய 4 ஜிபித் துண்டை லாச்சிக்குள் போட்டு மறக்காதீங்க. லேபலில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு படம் எடுத்து பட்ச் குழுவில் போட்டுவிடுங்க. வெற்று ஸ்லொட்டோடு ஒரு தம்பியோ தங்கச்சியோ அதே பீடத்தில் இருப்பார்கள்.