பெயரால் வந்த தண்டனை



சென்ற ஞாயிறு திருப்பலியில் சமாதானம் பகிர்ந்தபோது, செதில் படர்ந்த ஒரு கையைப் பற்ற அருகிலிருந்தவர் தயங்கினார். சொரியாசிஸ் தொற்றுநோயன்று. இவ்வச்சம் மிகப் பழையது.

லேவியர் நூல் 13ஆம் அதிகாரத்தின் ‘சாராஅத்’ என்னும் எபிரேயச் சொல் பல தோல்நோய்களுக்குப் பொதுவானது. கிரேக்கத்தில் பெயர்த்தோர் அதனைச் செதிலைக் குறிக்கும் ‘லெப்ரா’ என்றனர். பின்னாளில் அச்சொல்லே தொழுநோய்க்கும் பெயராயிற்று. இடைக்கால ஐரோப்பாவில் மணியொலித்தபடி ஊர்ப்புறத்தே அலைந்தோருள் சொரியாசிஸ் கொண்டோரும் இருந்திருக்கக்கூடும். அவர்களைப் பிரித்துவைக்கும் சடங்கை நடத்தியவர்கள், வெட்கத்துடன் எழுதுகிறேன், என்னைப் போன்ற குருக்களே.

1808இல் இலண்டன் மருத்துவர் ராபர்ட் வில்லன் இந்நோயைத் தெளிவாக விவரித்தும் ‘லெப்ரா’வை விடவில்லை. 1841இல் வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஹெப்ராவே அப்பெயரை அகற்றினார். 1925இல் அமெரிக்காவில் கோக்கர்மன் நிலக்கரித் தாரையும் புறஊதா ஒளியையும் இணைத்துச் சிகிச்சையளித்தார். இன்று களிம்பு முதல் ஊசிமருந்து வரை உண்டு. முற்றாக நீங்காவிடினும் பெரிதும் அடங்கும்.

ஊரிலிருந்து வெட்பாலைத் தைலம் தருவிப்போர் அதனை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். இக்குளிர்நாட்டில் குளித்தவுடன் ஈரப்பதக் களிம்பு பூசுங்கள், செதிலைச் சுரண்டாதீர்கள். வரும் ஞாயிறு அந்தக் கையை நான் முதலில் பற்றுவேன்.