கொத்துத் தலைவியும் களஞ்சியமும்



போன வாரம் டிசைன் படிக்கும் ஒரு நண்பனோடு சிம்மக்கல் மைய நூலகத்து வாசலில் டீ குடித்துக்கொண்டு இருந்தேன். "மனிதரை மையமாக வைத்த வடிவமைப்பு" என்று ஒரு பாடம் நடத்துகிறார்களாம். அமெரிக்காவில் ஐடியோ என்ற கம்பெனி 2009-ல் அதற்கு ஒரு கையேடே போட்டது, ஏழை மக்களோடு வேலை செய்கிறவர்களுக்காக. அதன் சாரம் மூன்று சொல்: கேள், உருவாக்கு, கொண்டுபோய்ச் சேர். "நம்ம ஊர்ல இதெல்லாம் எங்கடா?" என்று அலுத்துக்கொண்டான்.

எதிரே பிளாட்பாரத்தில் ஒரு அம்மா கொய்யாப்பழம் விற்றுக்கொண்டு இருந்தார். அந்த நேரம் பார்த்து பைக்கில் ஒருவர் வந்து நின்றார், சின்ன நோட்டில் ஏதோ குறித்தார், பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். தண்டல். மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதைப் பார்த்ததும் நண்பனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. நம்ம ஊரிலும் இருக்கிறது, அந்தக் கையேடு வருவதற்கு 19 வருஷம் முன்னாலேயே இருந்தது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வட்டியின் கணக்கு

முதலில் பிரச்சினை என்ன என்று பார்ப்போம். "பத்து வட்டி" என்றால் வருஷத்துக்குப் பத்து சதவீதம் இல்லை, நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். ஆயிரம் ரூபாய் வாங்கினால் மாதம் நூறு ரூபாய் வட்டி. பத்து மாதம் கட்டினால் வாங்கிய ஆயிரமும் வட்டியாகவே போய்விடும், அசல் அப்படியே நிற்கும். தமிழ்நாடு அரசு கந்து வட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்தது 2003-ல்தான்.

"பேங்குக்குப் போக வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். 1969-ல் வங்கிகள் நாட்டுடைமை ஆன பிறகு கிராமங்களுக்கும் கிளைகள் வந்தன, உண்மைதான். ஆனால் நிலம் இல்லாத கூலிக்காரப் பெண்ணிடம் அடமானம் கேட்டால் எதைக் கொடுப்பார்? கையெழுத்துப் போடத் தெரியாதவர் படிவத்தை எப்படி நிரப்புவார்? பேங்க் திறந்திருக்கும் நேரம்தான் அவருடைய கூலி நேரம். அவருக்குத் தேவையோ ஐநூறு, ஆயிரம். இவ்வளவு சின்னக் கடனுக்கு மேனேஜர் மெனக்கெட மாட்டார். பேங்கைக் கட்டியவர்கள் மனதில் இந்தப் பெண் இல்லவே இல்லை. வட்டிக்காரர் மனதில் இருந்தார். அதனால்தான் அவர் வீடு தேடி வந்தார்!

1990, மதுரைப் பக்கத்துக் கிராமங்கள்

பிரதான் என்ற தொண்டு நிறுவனம் 1983-ல் டெல்லியில் தொடங்கியது. நன்றாகப் படித்த இளைஞர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி வேலை செய்ய வைப்பது அதன் வழி. அதில் இருந்த எம்.பி. வாசிமலை அகமதாபாத் ஐஐஎம்-மில் படித்தவர். அவரும் நண்பர்களும் 1990-ல் மதுரை மாவட்டத்தில் பெண்களைச் சேர்த்து சேமிப்புக் குழுக்கள் ஆரம்பித்தார்கள். பெயர் களஞ்சியம். அறுவடை நெல்லைக் கொட்டி வைத்து, பஞ்ச காலத்தில் எடுத்துச் சாப்பிடும் குதிர் நினைவிருக்கிறதா? அதே அர்த்தம்தான். பெயரைச் சொன்னாலே பாட்டிக்கும் புரியும். பிறகு 1997-ல் இந்த வேலைகளுக்காகவே மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு தானம் அறக்கட்டளை உருவானது.

களஞ்சியம் எப்படி வேலை செய்கிறது? பதினைந்து, இருபது பெண்கள் ஒரு குழு. எல்லோரும் ஒரே தெரு அல்லது பக்கத்துத் தெரு, யார் எப்படி என்று ஒருவருக்கொருவர் தெரியும். மாதா மாதம் ஒரு சிறு தொகை போடுவார்கள். கணக்குக்காகச் சொல்கிறேன், இருபது பேர் ஐம்பது ரூபாய் போட்டால் மாதம் ஆயிரம், வருஷத்தில் பன்னிரண்டாயிரம். யாருக்குக் கடன், எவ்வளவு, எத்தனை வட்டி என்று குழுதான் முடிவு செய்யும். பெரும்பாலும் இரண்டு வட்டி இருக்கும். "இரண்டு வட்டியே ஜாஸ்தி இல்லையா?" என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த வட்டி பைக்கில் ஏறிப் போகவில்லை, திரும்ப அதே பானைக்குள்தான் விழுகிறது. பானை யாருடையது? கட்டியவருடையது!

கணக்கு எழுதத் தெரியாதே என்ற பிரச்சினைக்கும் எளிய வழி கண்டார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் குழுவே கணக்கெழுத வைத்துக்கொள்ளும், அவருக்குச் சம்பளமும் குழுதான் தரும். அவர் எழுதுவார், முடிவெடுக்க மாட்டார். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கணக்கை வாய்விட்டுப் படிக்க வேண்டும். படிக்காதவருக்குக் காது போதும். இப்படிப் பல குழுக்கள் சேர்ந்து ஒரு தொகுப்பு, பல தொகுப்புகள் சேர்ந்து ஒரு வட்டாரக் களஞ்சியம். தெருவில் தலைவியாக இருந்தவர் அடுத்து வட்டாரத்தில் தலைவியாகலாம். ஒருவரே உட்கார்ந்திருக்காமல் தலைமை மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் விதி.

பில்லுசேரி சின்னப்பிள்ளை

இனி கட்டுரையின் நாயகி. அழகர்கோவில் பக்கத்தில் பில்லுசேரி என்று ஒரு கிராமம். அங்கே வாக்கப்பட்டு வந்தவர் சின்னப்பிள்ளை. பள்ளிக்கூடம் போனதில்லை, சொந்த நிலம் கிடையாது, வயல் கூலி வேலை. ஆனால் அவர் வெறும் கூலியாள் இல்லை, கொத்துத் தலைவி.

கொத்து என்றால் நடவுக்கும் அறுப்புக்கும் சேர்ந்து போகும் ஆட்கள் கூட்டம். நிலக்காரரிடம் போய்க் கூலி பேசுவது, இத்தனை ஆள் வேண்டும் என்றால் திரட்டுவது, கிடைத்ததைப் பங்கு பிரிப்பது எல்லாம் கொத்துத் தலைவியின் பொறுப்பு. யோசித்துப் பாருங்கள். பேரம் பேசத் தெரிய வேண்டும். நிலக்காரர் கோபப்பட்டால் அடுத்த நாள் வேலை இல்லை, குறைத்து ஒத்துக்கொண்டால் ஆட்கள் சும்மா விட மாட்டார்கள். பங்கில் ஒரு படி நெல் குறைந்தாலும் தெருவே சிரிக்கும். எம்பிஏ-வில் இதையெல்லாம் தனித்தனிப் பாடமாக வைத்திருக்கிறார்கள்.

களஞ்சியத்துக்காரர்கள் கிராமத்துக்கு வந்தபோது, தலைமை இல்லாத இடத்துக்கு அவர்கள் வரவில்லை. தலைமை ஏற்கெனவே வயலில் நின்றுகொண்டு இருந்தது. அதற்கு ஒரு நோட்டும், ஒரு கூட்டமும், வயலுக்கு அப்பால் போக ஒரு வழியும்தான் இல்லை. அதைத்தான் களஞ்சியம் கொடுத்தது. சின்னப்பிள்ளை தன் ஊரில் குழு சேர்த்தார், பிறகு மற்ற ஊர்களுக்கும் போய்ப் பெண்களிடம் பேசிக் குழுக்கள் சேர்த்தார், வட்டாரத் தலைவியாகவும் ஆனார்.

2001 ஜனவரியில் மத்திய அரசின் ஸ்திரீ சக்தி புரஸ்கார் விருது வாங்க டெல்லி போனார். விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் மேடையிலேயே குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். மறுநாள் நாடு முழுக்க அந்தப் படம்தான். 2018-ல் வாஜ்பாய் இறந்தபோது, பில்லுசேரிக்குப் போய்ச் சின்னப்பிள்ளையிடமும் பேட்டி எடுத்தார்கள். 2019-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

வெளி உலகம்

இதெல்லாம் மதுரை மட்டும் கண்டுபிடித்தது என்று நான் பெருமை அடிக்கப் போவதில்லை. அகமதாபாத்தில் எலா பட் 1972-ல் சேவா சங்கத்தையும் 1974-ல் அதன் பெண்கள் வங்கியையும் தொடங்கினார். வங்காளதேசத்தில் முகமது யூனுஸ் 1976-ல் ஜோப்ரா கிராமத்தில் தொடங்கிய வேலை 1983-ல் கிராமீன் வங்கியாகி, 2006-ல் நோபல் பரிசு வரை போனது. 1992-ல் நபார்டு, சுய உதவிக் குழுக்களுக்கு வங்கிகள் அடமானம் இல்லாமல் கடன் தரும் திட்டத்தை 500 குழுக்களை இலக்காக வைத்துச் சோதித்தது. இன்று அது நாடு முழுக்கப் பரவிவிட்டது.

ஆனால் ஒரு வித்தியாசம் முக்கியம். கிராமீனில் வங்கி கடன் கொடுக்கும், வாங்கியவர் திருப்பிக் கட்டுவார். களஞ்சியத்தில் முதலில் சேமிப்பு, முதலில் குழுவின் சொந்த முடிவு, பேங்க் அதற்குப் பிறகுதான். இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதை 2010-ல் ஆந்திரா காட்டியது. அங்கே நுண்கடன் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு கடன் கொடுத்தன. அங்கேயும் பெண்கள் குழுவாகத்தான் உட்கார்ந்தார்கள், வாரா வாரம் கூட்டமும் நடந்தது. ஆனால் முடிவு கம்பெனியுடையது, குழு வெறும் வசூல் கருவி. கட்ட முடியாதவரைப் பக்கத்து வீட்டுக்காரரே நெருக்க வேண்டிய நிலை. தற்கொலைகள் செய்தியான பிறகு மாநில அரசு அந்த ஆண்டு அக்டோபரில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் "மக்களைக் கேட்டோம்" என்று யாராவது சொன்னால், கேட்ட பிறகு முடிவு யார் கையில் இருந்தது என்றும் பார்க்க வேண்டும்.

உறுத்தும் ஒரு விஷயம்

இங்கேயே முடித்தால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் ஒன்று என்னை உறுத்துகிறது. பிரதமர் வணங்கிய, பத்மஸ்ரீ வாங்கிய சின்னப்பிள்ளை, தனக்கு வீடு கிடைக்கவில்லை என்று முறையிட்டது 2024-ல் செய்தியாக வந்தது. அதன் பிறகுதான் தமிழ்நாடு அரசு அவருக்கு வீடு கட்டித் தர உத்தரவு போட்டது.

எத்தனையோ பெண்களை வட்டியிலிருந்து மீட்க உதவியவர் தன் வீட்டுக்காகக் காத்திருந்தார். இதற்காகக் களஞ்சியத்தைக் குறை சொல்ல முடியாது, அது சேமிப்புக்கும் கடனுக்கும்தான். ஆனால் தலைமையை வளர்ப்பது வேறு, அந்தத் தலைமைக்கு நிலமும் வீடும் கிடைப்பது வேறு என்று தெரிகிறது. குழு எவ்வளவு நன்றாக நடந்தாலும் நிலம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. விருது மேடையில் நாம் கைதட்டும்போது அதை மறந்துவிடுகிறோம்.

முடிவுரை

நண்பனிடம் இவ்வளவையும் சொன்னேன். "அப்ப கேள், உருவாக்கு, கொண்டுபோய்ச் சேர் எல்லாம் தப்பா?" என்றான். தப்பு இல்லை. முன்னால் இன்னொரு சொல் வேண்டும்: பார். அங்கே ஏற்கெனவே யார் தலைவராக இருக்கிறார் என்று பார். சின்னப்பிள்ளையைக் களஞ்சியம் தலைவி ஆக்கவில்லை. அவர் தலைவியாக இருந்ததை அது கவனித்தது, அதற்கு ஏற்ற மாதிரி தன்னை அமைத்துக்கொண்டது.

டீ கிளாஸை வைத்துவிட்டு நண்பன் எதிர் பிளாட்பாரத்துக்குப் போய் அரைக் கிலோ கொய்யா வாங்கினான். தண்டல்காரர் எத்தனை நாளைக்கு வருவார் என்று அந்த அம்மாவிடம் கேட்கவும் செய்தான். அவர் பதில் சொல்லாமல் சிரித்தார். அவருக்குப் பக்கத்தில் மல்லிகைப் பூ விற்ற இன்னொரு அம்மாதான் பதில் சொன்னார், அவருக்கும் சேர்த்து. கேட்காமலே இடத்தைச் சரிசெய்துகொடுத்து, சில்லறையும் அவர்தான் மாற்றிக் கொடுத்தார். அந்த வரிசைக்கு யார் தலைவி என்று எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதே தெரிந்துவிட்டது.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். பார்த்தால் எழுதுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.