ஓபியாய்டு அடிமைத்தன இடர்க் கணிப்பு

மரபணுத் தகவலைக் கணினிக்குக் கொடுத்து, ஓபியாய்டு வகை வலி மருந்துகளுக்கு ஒருவர் அடிமையாகும் வாய்ப்பை முன்கூட்டியே சொல்லும் முயற்சி இது. மார்ஃபின், டிரமடால், டபென்டடால் ஆகியவை இவ்வகை மருந்துகள். ஹெராயினும் இதே குடும்பம்தான். இரட்டையர் ஆய்வுகளின்படி இந்த அடிமைத்தனத்தில் ஏறத்தாழப் பாதி பரம்பரை சார்ந்தது. அந்தப் பாதியும் ஓரிரு மரபணுக்களில் அடங்குவதில்லை. தனித்தனியே மிகச் சிறிய பங்குள்ள ஏராளமான இடங்களில் பரவியிருக்கிறது.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023 டிசம்பரில் ‘அவெர்ட்-டி’ என்ற சோதனைக்கு ஒப்புதல் தந்தது. உள்கன்னத்தில் பஞ்சுக் குச்சியால் எடுத்த மாதிரியில் 15 மரபணு மாறுபாடுகளைப் பார்த்து, இயந்திரக் கற்றல் வழியே இடரைக் கணிப்பது அதன் முறை. நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2022-இல் 11-க்கு 2 என்ற கணக்கில் அதை ஏற்க மறுத்திருந்தது. அந்தத் தயக்கம் சரியானதே. 4.5 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் தரவில் அதே 15 மாறுபாடுகளைச் சோதித்த ஆய்வு 2025-இல் வெளியானது: நூற்றுக்கு 47 கணிப்புகள் தவறு. பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிட இது பெரிதாக மேல் இல்லை.

கோளாறின் வேர் வம்சாவளியில் இருக்கிறது. நோயாளிகளை ஓர் இனக்குழுவிலிருந்தும் ஒப்பீட்டுக்கான நலமுள்ளோரை வேறொன்றிலிருந்தும் எடுத்தால், கணினி கற்பது அடிமைத்தனத்தை அல்ல, பூர்வீகத்தை. தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளும் சமூகத்துக்குள்ளும் மணம் முடிக்கும் சேலம், நாமக்கல் சமவெளியில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். மூளையில் ஓபியாய்டு பற்றும் ஏற்பியைக் குறிக்கும் மரபணுவில் நன்கு ஆராயப்பட்ட ஒரு மாறுபாடு உண்டு. அதன் ‘ஜி’ வடிவம் ஐரோப்பியரிடம் சுமார் 15 விழுக்காடு; இந்தியரிடம் சுமார் 40. அங்கே வகுத்த அளவுகோலை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் முன்னின்று நடத்தும், அடிமைத்தன இடரை ஆராயும் சிவேதா ஆய்வு, ஏழு மையங்களில் 6 முதல் 23 வயது வரையிலான சுமார் 9,000 பேரைச் சேர்த்தது. மரபணுவோடு மூளைப் படம், குடும்பச் சூழல், சுற்றுப்புற நச்சுகள் ஆகியவற்றையும் அது ஆராய்கிறது. மரபணு மட்டும் போதாது என்ற நிலையிலிருந்தே தொடங்குவதால் இது நம்பிக்கை தரும் பாதை.

எளிய கணக்கு ஒன்று. 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, ஓபியாய்டு பயன்பாட்டால் சிக்கலுக்குள்ளாகி உதவி தேவைப்படுவோர் சுமார் 0.7 விழுக்காடு, அதாவது ஆயிரத்தில் 7 பேர். அவெர்ட்-டி சோதனையை உருவாக்கிய நிறுவனம் காட்டிய சுமார் 80 விழுக்காட்டுத் துல்லியத்தையே ஏற்றுக்கொண்டாலும், சோதனை சரியாகப் பிடிப்பது ஐந்தாறு பேரை. தவறாக முத்திரை குத்துவது ஏறத்தாழ 200 பேரை. சங்ககிரி நெடுஞ்சாலையில் கால் முறிந்து சேலம் அரசு மருத்துவமனைக்கு வரும் லாரி ஓட்டுநர் அந்த 200 பேரில் ஒருவரானால், தேவையான வலி மருந்தே மறுக்கப்படலாம்.

தமிழகத்தின் மேற்கு மாவட்டங்களில் காவல்துறை பதியும் வழக்குகளில் அடிக்கடி வருவது, மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கிய வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம். டிரமடால் 2018-இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்தது. முந்தைய குடிப்பழக்கம், மனச்சோர்வு, குடும்பத்தில் போதைப்பழக்கம், எத்தனை நாள் மருந்து என இடரை எடைபோட உதவும் கேள்விகளுக்கு ஆய்வகம் தேவையில்லை. மருந்துச்சீட்டு எழுதும் முன் எந்த மருத்துவரும் கேட்கலாம்.