அமெரிக்கச் சிறுகதையில் நன்மை தீமைத் தேர்வு

தன் எதிரே வரும் தீமையை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டு, அதற்கு உடன்படுவதா மறுப்பதா என்று முடிவெடுக்கும் தருணத்தை மையமாகக் கொண்ட கதைகள் அமெரிக்க இலக்கியத்தில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து தொடர்ந்து எழுதப்பட்டு வருகின்றன. இவற்றின் வேர் நியூ இங்கிலாந்தில் குடியேறிய பியூரிட்டன் சபையாரின் சமய வாழ்வில் இருக்கிறது. யார் மீட்கப்படுவார் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டது என்று நம்பியவர்கள் அவர்கள். தாம் எந்தப் பக்கம் என்று அறிய, சொந்த நெஞ்சையும் அண்டைவீட்டாரின் நடத்தையையும் ஓயாமல் துருவிப் பார்க்கும் பழக்கம் அவர்களிடம் ஊறியிருந்தது. நாட்குறிப்புகளிலும் பிரசங்கங்களிலும் நடந்துவந்த அந்தத் துருவல், பத்திரிகைகள் பெருகிய காலத்தில் கதைக்குள் புகுந்தது.

இவ்வகையில் இன்றும் படிக்கப்படும் பழைய கதைகளுள் ஒன்று வாஷிங்டன் இர்விங்கின் 'பிசாசும் டாம் வாக்கரும்' (1824). பாஸ்டன் அருகே ஒரு சதுப்புக் காட்டில் கஞ்சன் டாம், கரி படிந்த முகமுடைய மரவெட்டி ஒருவனைச் சந்திக்கிறான். அங்குள்ள பெரிய மரங்களில் ஊர்ப் பெரிய மனிதர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. வெளியே பச்சை, உள்ளே உளுத்த தண்டு. கடற்கொள்ளையன் கிட் புதைத்த செல்வத்துக்கு ஈடாக, அடிமை வணிகத்துக்குக் கப்பல் விடும்படி பிசாசு கேட்கிறது. அதை மட்டும் டாம் கண்டிப்பாக மறுத்துவிடுகிறான். வட்டித் தொழில் என்றதும் சம்மதம் வருகிறது. மாதம் இரண்டு வட்டி என்று பிசாசு சொல்ல, நான்கு வாங்குகிறேன் என்கிறான் டாம். முதுமையில் அச்சம் பிடித்து அவன் எப்போதும் பைபிளோடு இருக்கிறான். பிசாசு கதவைத் தட்டும்போது பெரிய பைபிள் அடமானப் பத்திரத்துக்கு அடியில் கிடக்கிறது.

இப்பொருளில் மிக விரிவாக ஆராயப்பட்டிருப்பது நத்தானியேல் ஹாதோர்னின் (1804–1864) கதைகள். அவர் பிறந்த சேலம் நகரின் பெயரோடு 1692ஆம் ஆண்டுச் சூனிய வழக்குகள் பிணைந்திருக்கின்றன. அவ்வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். விசாரணைக்கு உடன்பட மறுத்த முதியவர் கைல்ஸ் கோரி, உடல்மேல் கற்கள் ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தாலும், அவருடைய ஆவியுரு வந்து தன்னைக் கிள்ளியது, கடித்தது என்று ஒருவர் சொன்னால் நீதிமன்றம் அதைச் சாட்சியமாக ஏற்றது. நிரபராதியின் உருவத்தைப் பிசாசு எடுத்துக்கொண்டு வரக்கூடுமா என்பதே அன்று குருமார்களைப் பிளந்த கேள்வி. 1697இல் ஜூரிகள் பன்னிருவர் மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தனர். நீதிபதி சாமுவேல் சீவால், தம் மன்னிப்பைக் குரு வாசித்து முடிக்கும்வரை சபை நடுவே எழுந்து நின்றார். ஜான் ஹாதோர்ன் என்ற நீதிபதி வருந்தியதாகப் பதிவு இல்லை. அவர் எழுத்தாளரின் கொள்ளுத்தாத்தாவுக்குத் தந்தை. எழுத்தாளர் தம் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டது இந்த உறவிலிருந்து விலகத்தான் என்று பலர் கூறுவர். பழைய எழுத்துமுறைக்குத் திரும்பினார் என்போரும் உண்டு.

1835 ஏப்ரலில் 'நியூ இங்கிலாந்து மேகசின்' இதழில் ஆசிரியர் பெயரின்றி வந்த 'இளம் குட்மேன் பிரவுன்' இந்த மரபின் நடுக்கதை எனலாம். (குட்மேன் என்பது எளிய குடும்பத் தலைவரை அக்காலத்தில் விளித்த சொல்.) மணமாகி மூன்றே மாதமான பிரவுன், இன்றிரவு போகவேண்டாம் என்று கெஞ்சும் மனைவியை விட்டுக் காட்டுக்குப் புறப்படுகிறான். அவள் பெயர் ஃபெய்த். விசுவாசம் என்று பொருள். தொப்பியில் இளஞ்சிவப்பு ரிப்பன்கள் அணிந்திருக்கிறாள். காட்டில் பாம்பு வடிவக் கைத்தடியோடு வரும் முதியவன் பிரவுனின் தந்தை போலவே இருக்கிறான். குவேக்கர் பெண்ணைச் சேலம் தெருவில் சாட்டையால் அடித்தபோது பிரவுனின் தாத்தாவுக்குத் துணைநின்றதாக அவன் சொல்கிறான். ஹாதோர்ன் குடும்பத்தின் முதல் குடியேறியான வில்லியம் அத்தகைய தண்டனைக்கு ஆணையிட்டவர் என்பதை அறிந்து படித்தால் அந்த இடம் கனக்கும்.

வேதம் கற்பித்த கிழவியும் சபைக் குருவும் அதே பாதையில் போவதைப் பிரவுன் காண்கிறான். அப்போதும் அவன் தளர்வதில்லை. வானத்திலிருந்து மெல்ல இறங்கும் ஒன்று மரக்கிளையில் சிக்குகிறது. எடுத்துப் பார்த்தால் இளஞ்சிவப்பு ரிப்பன். அங்கேதான் உடைகிறான். தீச்சடங்கின் நடுவில் மனைவியைக் கண்டு, வானத்தைப் பார், மறுத்துவிடு என்று கூவுகிறான். அடுத்த கணம் தனியே நிற்கிறான். எரிந்துகொண்டிருந்த கிளை குளிர்ந்த பனித்துளிகளைக் கன்னத்தில் தெளிக்கிறது. காலையில் ரிப்பன்களோடு மகிழ்ச்சியாக ஓடிவரும் மனைவியை ஒரு சொல் பேசாமல் கடந்துபோகிறான். சாகும்வரை யாரையும் நம்பாமல் வாழ்கிறான்.

நடந்தது கனவா நனவா என்பதை ஹாதோர்ன் தீர்த்துவைக்கவில்லை. காட்டில் கண்டவை அனைத்தும் பிசாசு காட்டிய ஆவியுருக்கள் என்றும், 1692இன் நீதிபதிகள் செய்த பிழையையே பிரவுனும் செய்கிறான் என்றும் ஆய்வாளர் டேவிட் லெவின் 1962இல் வாதிட்டார். பாவம் எல்லோரிடமும் உண்டு என்ற உண்மையைத் தாங்க முடியாதவனின் வீழ்ச்சி இது என்பது வேறொரு தரப்பு. எப்படியாயினும், பிரவுன் தீமையை மறுக்கிறான்; மறுத்தும் வாழ்வை இழக்கிறான். இர்விங்கின் கதையில் இல்லாத இந்த வேதனைதான் ஹாதோர்னின் கொடை.

அவருடைய 'ரப்பாச்சினியின் மகள்' (1844) கதையில், இந்திய மன்னன் ஒருவன் அலெக்சாண்டருக்கு நஞ்சூட்டி வளர்த்த பெண்ணை அனுப்பிய செய்தி சொல்லப்படுகிறது. ஐரோப்பிய இடைக்காலக் கதைத் தொகுப்புகள் வழியாகச் சென்ற நம் விஷகன்னிக் கதையின் சாயலை இதில் காணலாம். எட்கர் ஆலன் போவின் 'கருப்புப் பூனை' (1843) தீயது என்று தெரிந்த காரணத்தாலேயே அதைச் செய்யத் தூண்டும் மனநிலையை ஆராய்கிறது.

ஹாதோர்னின் இருண்ட பக்கத்தை 1850இல் முதலில் உரக்கப் பாராட்டியவர்களுள் ஹெர்மன் மெல்வில் ஒருவர். அவர் 1891இல் இறந்தபோது முடிக்காமல் விட்டுச்சென்ற குறுநாவல் 'பில்லி பட்'. பொய்க் குற்றம் சாட்டப்பட்ட திக்குவாய் மாலுமி, பேச வராமல் ஓங்கி அடித்ததில் அதிகாரி இறந்துபோகிறான். மாலுமியின் நெஞ்சம் களங்கமற்றது என்று அறிந்தே கப்டன் வீர் அவனைத் தூக்கிலிடச் செய்கிறார். 1924இல் முதலில் அச்சான இக்கதை, விதியோடு மெல்வில் செய்துகொண்ட சமாதானம் என்று ஒரு காலத்தில் கொள்ளப்பட்டது. வீரைக் கண்டிக்கும் கதை என்ற வாசிப்பும் வலுவாக உண்டு. 1962ஆம் ஆண்டுப் பதிப்பு கையெழுத்துப்படியை மறுபடி ஆராய்ந்து கப்பலின் பெயரையே மாற்றியது. வாதம் மட்டும் ஓயவில்லை.

மார்க் ட்வைனின் 'ஹாட்லிபர்கைக் கெடுத்த மனிதன்' (1899) ஒரு தனிமனிதனுக்குப் பதில் ஓர் ஊரையே சோதனைக்கு உட்படுத்துகிறது. நேர்மைக்குப் பேர்போன ஊரில் அந்நியன் ஒருவன் பொற்காசு மூட்டை என்று சொல்லி ஒன்றை வைத்துவிட்டுப் போக, ஊரின் 19 முக்கியக் குடும்பங்களும் பொய்யில் விழுகின்றன. மூட்டையில் இருந்தவை முலாம் பூசிய ஈயத் தகடுகள். சோதனையையே சந்திக்காத நேர்மை எவ்வளவு வலுவற்றது என்று கண்டுகொண்ட ஊர், தன் பெயரையும் முத்திரை வாசகத்தையும் மாற்றிக்கொள்கிறது.

சாரா ஆர்ன் ஜூவெட்டின் 'வெள்ளைக் கொக்கு' (1886), சார்ல்ஸ் செஸ்னட்டின் 'அவன் இளமைக்கால மனைவி' (1898), சூசன் கிளாஸ்பெலின் 'அவளுக்கு நிகரானோரின் ஜூரி' (1917) ஆகியவையும் இவ்வரிசையில் சேரும். கிளாஸ்பெலின் கதையில், கழுத்து முறிக்கப்பட்ட ஒரு பாட்டுக்குருவியைத் தையல் பெட்டியில் கண்டெடுக்கும் இரு பெண்கள், ஒரு கொலைக்கான காரணத்தைக் காட்டிவிடும் அந்தச் சான்றைச் சட்டத்தின் கண்ணில் படாமல் மறைக்கிறார்கள்.

1936இல் ஸ்டீபன் வின்சென்ட் பெனே எழுதிய 'பிசாசும் டேனியல் வெப்ஸ்டரும்' கதையில் ஒரு விவசாயியின் ஆன்மாவுக்காக நள்ளிரவில் வழக்கு நடக்கிறது. செவ்விந்தியருக்கு இழைத்த முதல் அநீதியிலும் காங்கோவுக்குக் கிளம்பிய முதல் அடிமைக் கப்பலிலும் தான் உடனிருந்ததாகச் சொல்லி, பிசாசு அமெரிக்கக் குடியுரிமை கோருகிறது. அந்த நீதிமன்றத்தின் ஆசனத்தில் இருப்பவர் சேலத்து ஹாதோர்ன்.

வில்லியம் ஃபாக்னரின் 'களஞ்சியம் எரிப்பு' (1939), ஷெர்லி ஜாக்சனின் 'குலுக்கல்' (1948), ஃப்ளேனரி ஓகானரின் 'நல்ல மனிதன் கிடைப்பது அரிது' (1953) ஆகியவை பிற்காலத்தில் அதிகம் பேசப்படுபவை.

உர்சுலா லெ குவினின் 'ஓமெலாசைவிட்டு நடந்துபோகிறவர்கள்' (1973), ஒரு குழந்தையின் துயரத்தின்மேல் கட்டப்பட்ட நகரத்தின் இன்பத்தைத் துறந்து வெளியேறுபவர்களைப் பற்றியது. ஓரெகன் மாநிலத்துச் சேலம் நகரின் பெயர்ப் பலகையைப் பின்னிருந்து படித்ததில் ஓமெலாஸ் என்ற பெயர் கிடைத்ததாக அவர் கூறியுள்ளார். லெ குவினின் கதைக்கு மறுமொழியாக என். கே. ஜெமிசின் 2018இல் தங்கிப் போராடுகிறவர்களைப் பற்றி ஒரு கதை எழுதினார்.